நானூற்றுப் பத்து கிராம்

நாற்பது டன் டிரெய்லர் ஏறினால்
திரையில் எண் கொஞ்சம் நடுங்கி நிற்கும்.
அதைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை.
மணலி, எடைமேடை, இரவு ஷிப்ட்.
எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
குறுக்கே போகும் பூனையை அது கண்டுகொள்வதில்லை,
பூனையும் அதை.

மலைக்கான பட்டியலை பெனிட்டா அனுப்பியிருந்தாள்:
மொத்தப் பை ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது.
பாய் அரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது.
அதாவது
ஆறு நாள் நான் சுமக்கப்போவதெல்லாம் சேர்ந்தும்
இங்கே ஒரு பூனை.

பாரிமுனையில் கடைக்காரர் மூன்றை விரித்தார்.
முட்டை அட்டைபோல் மேடும் பள்ளமுமாய் ஒரு நுரைப்பாய்,
நானூற்றுப் பத்து கிராம்.
வாயால் ஊதுவது ஒன்று,
சுருட்டினால் தண்ணி பாட்டில் அளவு.
மூன்றாவது தானே மூச்சை இழுத்துக்கொள்ளும்;
விலையைக் கேட்டு நான் மூச்சை விட்டேன்.

"மேல எத்தினி போர்வை போட்டாலும் வேஸ்ட்டும்மா,
தரை கீழேர்ந்து சூட்ட எடுத்துக்கும்.
பாய் குளிருக்குத்தான், மெத்துனு இருக்க இல்ல."

தரை சூட்டை எடுத்துக்கொள்ளுமா?

தண்டையார்பேட்டையில் மே மாதம்
மொட்டைமாடிக்கு ஆறு வாளி ஊற்றுவோம்,
புஸ்ஸென்று ஆவி கிளம்பும்,
மேலே இரண்டு வாளி.
பன்னிரண்டு மணிக்கு முதுகை வைத்தால்
பகல் முழுக்க வாங்கியதைத்
தளம் வட்டியோடு திருப்பித் தரும்.
முப்பத்தோரு வருஷமாக
இடது பக்கம், வலது பக்கம், குப்புற,
எல்லாப் பக்கமும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்
கொஞ்சம் எடுத்துக்கோயேன் என்று.
இப்போது எடுத்துக்கொள்ளும் தரை ஒன்று இருக்கிறதாம்.
அதைத் தடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம்.

ஊதுவதைத்தான் முதலில் வாங்கினேன்.
முப்பத்தெட்டு மூச்சு, லேசாய்த் தலைசுற்றல்.
புரண்டால் சிப்ஸ் பாக்கெட் சத்தம்.
விடியும்போது எலும்பு தளத்தில் இடித்தது.
மாடி ஓரத்தில் எவனோ அறுந்துவிட்ட பட்டம்,
மாஞ்சா நூலில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூள்.
பஞ்சர் கடை அல்லாபகஷ்
லாரி டியூபை அமுக்கும் அதே தொட்டியில் அதை அமுக்கி,
நூல் பிடித்தாற்போல் ஏறிய குமிழிகளைக் காட்டி,
"எந்த வண்டிது?" என்றார்.

பிறகு நுரைப்பாய்.
ஷிப்டுக்கு எடுத்துப் போனேன், காலையில் அப்படியே பயிற்சி நடை.
துறைமுக வாசல் வரை வண்டிகள் நின்ற இரவு அது.
செங்கோடன், நாமக்கல் வண்டி,
பதினாலு மணி நேரமாக நகராமல்,
ஃபிரிட்ஜ் வந்த அட்டையைப் பிரித்து
இரண்டு அச்சுக்கு நடுவே போட்டுக்கொண்டிருந்தார்.
பாயை விரலால் அமுக்கிப் பார்த்தார்.
"இதுல படுத்தாத் தூக்கம் வருமுங்களா?"
படுத்துப் பாருங்கள் என்றேன்.

மூன்றரைக்கு வரிசை நகர்ந்தது.
கேட்டேன், பார்த்தேன்,
என் திரையில் எண்கள் வந்துகொண்டிருந்தன,
கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன்.
ஒதுங்கிச் சுற்றிப் போனவை பதினோரு வண்டிகள்.
நான் போய் எழுப்பியிருக்கலாம்.
எழுந்தபோது அவர் கன்னம் முழுக்க முட்டை அட்டை.

திட்டுவார் என்று நின்றேன்.
தூசி தட்டி, மடிப்பு மாறாமல் மடித்து நீட்டினார்.
"நல்லாத்தானுங்க இருக்குது.
அதுதான் எனக்கு ஒத்துவராது."
அட்டையைச் சுருட்டி கேபினில் செருகிவிட்டு
பன்னிரண்டாவதாகப் போய் நின்றார்.

ஆறு மணிக்கு மேடை காலி.
பையை முதுகில் மாட்டி, பாயைப் பையில் கட்டி
நடுவில் ஏறி நின்றேன். எழுபது.
பையை இறக்கி ஓரத்தில் வைத்துவிட்டு ஏறினேன். அறுபது.
திரும்ப மாட்டிக்கொண்டு
பாயை மட்டும் அவிழ்த்துக் கீழே போட்டேன்.
எழுபதிலேயே நின்றது.

கட்டிக்கொண்டேன்.